எட்டு லட்சம் பாத்தும் எங்கள் கூட்டுக் கணக்கும்

மகளும் பேரனும் பாங்காக்கில் இருக்கிறார்கள். பணி ஓய்வுக்குப் பின் அவர்கள் அருகில் தங்க ஆசைப்பட்டு, 50 வயது நிறைந்தவர்கள் நீண்ட நாள் தங்கத் தாய்லாந்து தரும் ஓ-ஏ விசாவுக்கு விண்ணப்பித்தேன். வங்கியில் 8 லட்சம் பாத் (தாய்லாந்து நாணயம்) இருக்க வேண்டும், அல்லது மாதம் 65,000 பாத் வருமானம் வேண்டும். என் ஓய்வூதியம் அதில் பாதிக்குக்கூட எட்டாது. ஆகவே சேமிப்பைத்தான் காட்ட வேண்டியிருந்தது. நம் பணத்தில் 20 லட்சத்துக்கு மேல்.

பணம் இருந்தது. மாம்பலத்து வங்கியொன்றில், என் பெயரிலும் மனைவி பெயரிலும் கூட்டாகப் போட்ட வைப்புநிதி. நம் வீடுகளில் வேறு எப்படிப் போடுவோம்? ஆனால் கூட்டுக் கணக்கில் உள்ளதை முழுவதும் என் பணமாக ஏற்கமாட்டார்கள் என்றார் விசா முகவர். முதிர்வுக்கு முன்பே முறித்ததில் வட்டி ஒரு சதவீதம் குறைந்தது. அது எனக்குப் பெரிதில்லை. முறிப்புப் படிவத்தில் அவள் ஒன்றும் பேசாமல் கையெழுத்திட்டபோதுதான் மனம் கனத்தது. நகை வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி அவள் மிச்சம் பிடித்த பணம் அது. புதிய கணக்கில் அவளை நாமினியாக எழுதிக் கொடுத்த பிறகே கிளையை விட்டு வெளியே வந்தேன்.

இருப்பை உறுதிசெய்யும் வங்கிக் கடிதத்துக்கு மூன்று முறை நடந்தேன். வங்கியில் என் பெயருக்கு முன்னால் ஒற்றை இனிஷியல். பாஸ்போர்ட்டிலோ அப்பாவின் பெயர் முழுதாக இருக்கிறது. நம் ஊர்க்காரர்கள் விண்ணப்பத்தைத் தொடங்கும் முன்பே இதைச் சரிசெய்துகொள்ளுங்கள். பெயர் திருத்தி வந்த கடிதத்தில் முத்திரை இல்லை.

காவல்துறைச் சான்று பாஸ்போர்ட் சேவா கேந்திரா வழியாகச் சிக்கலின்றி வந்தது. மருத்துவச் சான்றும் அப்படியே. விசாவுக்குக் கேட்கும் 1 லட்சம் டாலர் மருத்துவக் காப்பீட்டின் பிரீமியம்தான் இந்த வயதில் கடிக்கிறது.

விசா கிடைத்துவிட்டது. அங்கேயே நீட்டிக்க வேண்டுமென்றால், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே பணம் தாய்லாந்து வங்கியில் என் பெயரில் கிடக்க வேண்டும். ஒரு நிதியாண்டில் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மிஞ்சும் தொகைக்கு 20 சதவீதம் டிசிஎஸ், அதாவது அனுப்பும்போதே வசூலிக்கும் வரி, பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்துகொள்ளலாம். ஆனால் அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும். அந்தப் பிடித்தம் குறையட்டும் என்று மார்ச் மாதக் கடைசியில் 10 லட்சமும், மீதியை ஏப்ரலிலும் அனுப்பப் போகிறேன். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் தரும் படிவம் ஏ2 இப்போதே நிரப்பி வைத்திருக்கிறேன்.