காது மெஷின் மட்டும் போதாது, மைக் எங்க இருக்குங்கறதுதான் மேட்டர்

காது மெஷின் வாங்கி மாட்டிட்டா எல்லாம் சரியாயிடும்னுதான் நெறைய பேரு நெனைக்கறாங்க. கண்ணாடி போட்டதும் எழுத்து பளிச்சுனு தெரியுற மாதிரி காதும் கேட்டுடும்னு. அப்டியெல்லாம் நடக்கறதில்லைங்க. எங்க பெரியம்மாவுக்கு ரெண்டு காதுலயும் நல்ல டிஜிட்டல் மெஷின் (அந்தக் காசுக்கு ஒரு பைக்கே வாங்கிருக்கலாம்னு பெரியப்பா இன்னும் பொலம்புவாரு), வீட்ல எதிர்ல உக்காந்து பேசினா நல்லாவே புரியுது, ஆனா கல்யாண மண்டபத்துக்குள்ள நொழைஞ்ச பத்து நிமிஷத்துல மெஷினக் கழட்டி பர்ஸ்ல போட்டுட்டு, யாரு என்ன கேட்டாலும் சிரிச்சிக்கிட்டே தலையாட்டிட்டு உக்காந்துருப்பாங்க.

மெஷின் மேல தப்பில்ல. அதோட மைக் காதுகிட்ட இருக்கு, பேசுறவங்க வாய் ஆறடி பத்தடி தள்ளி இருக்கு, பிரச்சனை அங்கதான். தூரம் ரெண்டு மடங்கானா சத்தம் சுமாரா 6 டெசிபல் கொறையும்பாங்க, தெறந்த வெளில கணக்கு அதான். ஆனா ஃபேன் சத்தம், தட்டு கழுவுற சத்தம், நாயனம், டைல்ஸ் தரைலயும் கண்ணாடிலயும் பட்டுத் திரும்பி வர்ற எக்கோ எல்லாம் சுத்திலும் இருக்கறதால கொறையவே கொறையாது, மெஷின் பாவம் பேச்சையும் எரைச்சலையும் சேத்துத் தூக்கிக் குடுக்குது. அதுலயும் வயசானா முதல்ல போறது மேல் ஸ்தாயி சத்தம். அ, ஆ எல்லாம் காதுல விழும், க, ச, ப, த விழாது. பாலா காலான்னே தெரியாது. அதனாலதான் "சத்தம் கேக்குதுடா, என்ன சொல்றேன்னுதான் புரியல"ன்னு சொல்றாங்க, நாம என்ன பண்றோம், இன்னும் கத்துறோம். கத்துனா உயிரெழுத்துதான் பெருசாகும், மெய்யெழுத்து அப்டியே இருக்கும், கேக்குறவங்களுக்கு காது வலிக்கறதுதான் மிச்சம்.

எங்க தாத்தாகிட்ட அந்தக் காலத்து பாக்கெட் மெஷின் ஒண்ணு இருந்துச்சு, சட்டைப் பைல தீப்பெட்டியவிட கொஞ்சம் பெருசா ஒரு பெட்டி, அதுலேருந்து ஒரு ஒயரு காதுக்குப் போகும். யாராவது பேச வந்தா அந்தப் பெட்டியக் கழட்டி அவங்க வாய்கிட்ட நீட்டுவாரு, நாங்கல்லாம் ரேடியோவுல பேட்டி குடுக்குற மாதிரி பேசுவோம். இப்ப யோசிச்சா மனுஷன் எவ்ளோ சரியா செஞ்சிருக்காரு! மைக்க பேசுறவர் வாய்கிட்ட கொண்டு போயிட்டா தூரம், எக்கோ, எரைச்சல் மூணுமே ஒரே அடியில அடங்கிடும். இன்னைக்கு ஆயிரக்கணக்குல காசு வாங்கிட்டு விக்கிற ரிமோட் மைக் செய்யுறதும் இதேதான், நடுவுல ஒயரு இல்ல அவ்ளோதான். காது கேக்காத பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்ல டீச்சர் கழுத்துல மாட்டிருக்கற எஃப்எம் மைக்கும் இதே கதைதான்.

பெரியம்மா மெஷினுக்கு அப்டி ஒரு ரிமோட் மைக் வாங்கினோம், பெரியப்பா சட்டைல கிளிப் மாட்டி விட்டாச்சு. அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசைல பேச்சு ஓடுச்சு பாருங்க, ரொம்ப நாளைக்கப்புறம் பெரியம்மா நடுவுல புகுந்து பதில் சொன்னாங்க. ஒரே ஒரு சிக்கல், பெரியப்பா மைக்க ஆஃப் பண்ண மறந்து வாசலுக்குப் போயி பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட பெரியம்மாவோட தம்பியப் பத்தி மனசுல இருந்ததையெல்லாம் கொட்ட, அடுப்படில இருந்த பெரியம்மா காதுல அட்சரம் பிசகாம விழுந்துடுச்சு. அதுலேருந்து பெரியப்பா வாயத் தெறக்கறதுக்கு முன்னாடி சட்டையத் தொட்டுப் பாத்துக்கறாரு.

இன்னொரு சமாச்சாரம் டி-காயில். மெஷினுக்குள்ள இருக்கற சின்ன செம்புக் கம்பிச் சுருள். டெலிஃபோன் ரிசீவர்லேருந்து கசியுற காந்தப் புலத்தப் பிடிச்சு கேக்க வைக்கத்தான் அது மொதல்ல ரொம்பப் பயன்பட்டுச்சு. ஹால் தரைய சுத்தி ஒரு கம்பி ஓட்டி ஆம்ப்ளிஃபயர்ல சேத்துட்டா மேடை மைக்ல பேசுறது காந்தப் புலமா மாறி, உள்ள உக்காந்துருக்கற யாரு மெஷின்லயும் நேரா எறங்கும், புளூடூத்ல ஜோடி சேக்குற மாதிரி பேரிங் கீரிங் ஒண்ணும் வேணாம், மெஷின 'டி'ல வச்சா போதும். இதுக்கு 1937லயே ஜோசஃப் பொலியாகாஃப்ங்கறவரு பிரிட்டன்ல காப்புரிமை வாங்கிட்டாரு. லண்டன்ல கருப்பு டாக்ஸில, கவுண்டர்கள்ல, சர்ச்ல எல்லாம் காதுப் படமும் பக்கத்துல ஒரு T எழுத்தும் போட்ட போர்டு இருக்கும். நம்ம ஊர்ல அந்த போர்ட எங்கயும் நான் பாத்ததில்ல.

இங்க கடைல மெஷின் விக்கறவங்களே டி-காயில பத்தி வாயத் தெறக்கறதில்ல. பெரியம்மா மெஷின்ல அது இருந்துருக்கு, ஆனா ஆன் பண்ணவே இல்ல, நாங்களா போயி கேட்டப்புறம்தான் கம்ப்யூட்டர்ல சேத்து அஞ்சு நிமிஷத்துல போட்டுக் குடுத்தாங்க. வாங்கறப்பவே கேட்டு வாங்குங்க, ஏன்னா காதுக்குள்ளயே போற குட்டி மாடல் நெறையவுல எடமில்லன்னு அத விட்டுடறாங்க, வெளிய தெரியாம இருக்கணும்னு ஆசப்பட்டு அதத்தான் நம்மாளுங்க அள்ளிட்டுப் போறாங்க.

புதுசா 2022ல ஆராகாஸ்ட்னு ஒண்ணு அறிவிச்சிருக்காங்க, புளூடூத்தே ஒரு ஸ்டேஷன் மாதிரி ஒலிபரப்பும், எத்தன பேரு வேணா கேக்கலாம். நல்ல விஷயம்தான், ஆனா மண்டபத்துலயும் இருக்கணும், மெஷின்லயும் இருக்கணும். அதுவரைக்கும் காசில்லாத வழின்னா ஆண்ட்ராய்டு ஃபோன்ல லைவ் டிரான்ஸ்கிரைப், 2019ல வந்தது, தமிழும் எழுதும், டாக்டர் பேசுறத எழுத்தா படிச்சுக்கலாம். மருந்து பேர மட்டும் கன்னாபின்னான்னு எழுதும், அத சீட்டு பாத்து சரி பண்ணிக்குங்க. ஐஃபோன்ல லைவ் லிசன் இருக்கு, ஃபோன பேசுறவர் முன்னாடி வச்சுட்டா ஏர்பாட்ல கேக்கும். சாதா புளூடூத் ஹெட்செட்ட வச்சு இதே வேலையச் செஞ்சா சத்தம் கொஞ்சம் லேட்டா வரும், வாயசைவும் பேச்சும் ஒட்டாது, பெரியவங்களுக்கு தலைவலிதான்.

மண்டபத்துக்கும் உபன்யாசத்துக்கும் எங்களுக்கு ஒத்துவந்தது வேற. மேடைல பேசுறவர் வாய்கிட்டதான் ஏற்கனவே ஒரு மைக் இருக்கே! மைக் செட் காரர்கிட்ட போயி மிக்சர்ல (மைக் சத்தத்தையெல்லாம் ஒண்ணா கலக்குற பெட்டி) சும்மா இருக்கற அவுட்டுலேருந்து ஒரு லைன் கேட்டேன், அத பெரியம்மாவோட ரிமோட் மைக்ல இருக்கற ஆக்ஸ்ல, அதாவது வெளி ஒயர் சொருகற ஓட்டைல, சொருகியாச்சு. மொதல்ல ஒரு மாதிரி பாத்தாரு, வெவரம் சொன்னதும் அவரே டேப் ஒட்டி ஓரமா வச்சுக் குடுத்தாரு. உங்க ரிமோட் மைக்ல ஆக்ஸ் இருக்கான்னு பாத்துக்குங்க, எல்லாத்துலயும் இருக்காது. ஒரு முனைல 3.5 மிமீ பின், இன்னொரு முனைல பெரிய பின்னுக்கான கன்வெர்ட்டர், கூடவே ரெண்டு மூணு மீட்டர் கேபிள் பைல இருக்கட்டும், நிகழ்ச்சி ஆரம்பிக்கறதுக்கு அரை மணி முன்னாடி போயிடுங்க, ஆரம்பிச்சப்புறம் கேட்டா எந்த மைக் செட் காரரும் திரும்பிக்கூட பாக்கமாட்டாரு.