தூணின் கால்

கோடையில் தாமிரபரணி ஒரு பக்கமாக ஒதுங்கி ஓடும்போதுதான் சுலோசன முதலியார் பாலத்தின் தூண் வரைக்கும் நடந்து போக முடியும். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் அப்படிப் போனேன். நான் அண்ணாந்து வளைவுகளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கூட வந்த கொத்தனார் அண்ணாச்சி, தூணுக்கு அடியில் மண் அரித்திருக்கிறதா என்று பார்க்க, அதை ஒட்டி ஒரு கம்பியை மணலுக்குள் இறக்கிக்கொண்டிருந்தார்.

"மேல எதுக்கு சார் பாக்கிய? பாலத்துக்கு நோவு வந்தா கால்லதான் வரும்லா."

நெல்லைக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஒரு காலத்தில் படகுதான் வழி. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக, அதாவது தலைமை அலுவலராக, இருந்த சுலோசன முதலியார் தன் சொந்தப் பணம் 50,000 ரூபாயைக் கொடுத்தார். கேப்டன் ஃபேபர் வரைபடம் போட்டார். 1843 நவம்பரில் பாலம் திறந்தது. முதலியாரின் மனைவி நகைகளைக் கழற்றிக் கொடுத்த கதையையும் ஊரில் சொல்வார்கள். எந்தக் கணக்கிலும் ஏறாத கதை. ஆனாலும் நான் நம்புகிறேன்.

அன்று மணலில் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டேன். 11 கண் (வளைவுக்குக் கீழே தண்ணீர் போகும் வழி), ஒவ்வொன்றும் 60 அடி. ஆக 660 அடி ஆற்றுக்கு விட்டாயிற்று. மொத்த நீளமே 760 அடிதான். மிச்சம் 100 அடியில் நடுவே 10 தூண். ஆளுக்குப் பத்தடிகூடத் தேறாது! வளைவு என்பது பாரத்தை நேராகக் கீழே இறக்குவதில்லை, இரு பக்கமும் உதைக்கும். இந்த உதைப்பைப் பக்கத்துக் கண்ணின் உதைப்பு எதிரே வந்து தாங்குகிறது. அதனால்தான் தூண் இவ்வளவு ஒல்லியாக இருக்க முடிகிறது. ஆற்றுக்கு அவ்வளவு வழி விட்டதும் அதனால்தான். ஆனால் ஒரு தூண் இறங்கினால் இரண்டு பக்கத்துக் கண்ணுக்கும் ஆபத்து. 1869 வெள்ளத்தில் பாலத்தின் ஒரு பகுதி போய், பிறகுதான் திரும்பக் கட்டினார்கள்.

லண்டனில் 1817இல் திறந்த வாட்டர்லூ பாலம்தான் இதற்கு மாதிரி என்பார்கள். அது ஒன்பது கண் கல் பாலம். தேம்ஸ் அடிமண்ணை அரிக்க, தூண் இறங்கி, 1930களில் அதை இடித்தே விட்டார்கள். நம்முடையது, பின்னால் அகலப்படுத்தப்பட்டு, இன்றும் பஸ்ஸைச் சுமக்கிறது.

அண்ணாச்சி சொன்னதன் கனம் சில வருடம் கழித்து வேறொரு ஊரில் உறைத்தது. ஓடையின் குறுக்கே சின்னக் கல் பாலம், மூன்று கண். ஒரு தூணுக்கு அடியில் முழங்கை நுழையும் அளவுக்குப் பள்ளம். மணல் அள்ளியதால் படுகையே தாழ்ந்திருந்தது. தூணைச் சுற்றிக் கல் அடுக்கிக் கட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மேலே பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்று கோப்பு கிடந்தது. ஐப்பசி மழையில் அந்தத் தூண் சாய, இரண்டு கண் சேர்ந்து விழுந்தது. விடிகாலை என்பதால் யாரும் இல்லை. அந்தக் கோப்பை விடாமல் துரத்தியிருக்க வேண்டும் என்ற உறுத்தல் எனக்கு இன்றும் போகவில்லை.

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்து ஆறு இறங்கியதும் கொக்கிரகுளம் பக்கம் படியிறங்கிப் போனேன். ஓய்வு பெற்றவனிடம் யாரும் அறிக்கை கேட்கப் போவதில்லை. முதல் தூணை ஒட்டிக் கம்பியை இறக்கினேன். ஒரு முழம் போனதும் நின்றது. அடுத்த தூணுக்கு நடந்தேன்.