சிக்னல் 8: மாட்டுத்தாவணி நாட்குறிப்பு

ஆகஸ்ட் 4, மதுரை

மாட்டுத்தாவணி பூச்சந்தைக் கமிஷன் கடையின் எடை நிரலில் சைல்ட் பிராசஸ் (முதன்மை நிரலான பேரன்ட் தொடங்கிவைக்கும் துணை இயக்கம்) அவ்வப்போது நின்றுவிடுகிறது. லாக்கில், அதாவது நிரலின் பதிவுக் கோப்பில், "சிக்னல் 8" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. சிக்னல் என்பது இயங்கும் நிரலுக்கு இயங்குதளம் அனுப்பும் எண்ணிட்ட அறிவிப்பு. வெறும் எண்ணை எழுதி வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஏனெனில் ஒரே சிக்னலின் எண் இயங்குதளத்துக்கு இயங்குதளம் மாறலாம்: சிக்யூஎஸ்ஆர்1 என்ற சிக்னல் இன்டெல் வகை லினக்ஸில் 10, மேக்கில் 30.

ஆகஸ்ட் 5

பேரன்ட் பிராசஸில், சைல்ட் முடிந்த நிலையைச் சொல்லும் வெயிட்பிஐடி தரும் மதிப்பை டபிள்யூஐஎஃப்சிக்னல்ட் மூலம் (சிக்னலால் நின்றதா என்று) சோதித்து, டபிள்யூடெர்ம்சிக் தரும் சிக்னல் எண்ணை, அதைச் சொல் விளக்கமாக்கும் ஸ்டிஆர்சிக்னலிடம் கொடுத்தேன். விளக்கத்தை நேரே அச்சிடும் பிசிக்னல் ஒரே வரியில் முடித்துவிடும் என்றாலும், அது ஸ்டாண்டர்ட் எரர் என்ற பிழை வெளியீட்டுக்கே எழுதும். எங்கள் லாக்கோ தனிக் கோப்பு. மாலையில் வந்த வரி: "எடை: ஃப்ளோட்டிங் பாயிண்ட் எக்ஸெப்ஷன்".

நிரலில் தசம எண்ணே கிடையாது. ஆயினும் முழு எண்ணைப் பூஜ்யத்தால் வகுத்தாலும் இன்டெல் செயலியில் இதே சிக்னல்தான் எழும். விளக்கம் பழைய பெயரையே சுமந்து நிற்கிறது. தேடியதில், கிராமை 1000ஆல் வகுத்து முழு எண் கிலோவாக்கிய பிறகு, மொத்தத் தொகையை அந்தக் கிலோவால் வகுத்துச் சராசரி விலை காணும் வரி அகப்பட்டது. 800 கிராம் மல்லிகை வந்தால் கிலோ பூஜ்யம். முகூர்த்த நாளில் சில்லறைப் பொட்டலங்கள் கூடுவதால்தான் அன்றைக்கெல்லாம் தொல்லை.

ஆகஸ்ட் 7

"சிக்னல் ஹேண்ட்லருக்குள்ளேயே பிரின்ட்எஃப் போட்டுவிடலாமே, அண்ணே" என்றான் உடன் வேலை செய்யும் தம்பி. ஹேண்ட்லர் என்பது சிக்னல் வந்ததும் நிரலுக்குள் ஓடும் பகுதி; பிரின்ட்எஃப் அச்சிடும் கட்டளை. நினைவகம் ஒதுக்கும் மால்லாக், ஒரே நேரத்தில் இருவர் நுழையாதபடி தன் பூட்டைப் பிடித்திருக்கும் நொடியில் சிக்னல் வந்து, ஹேண்ட்லரும் அதே பூட்டைக் கேட்டால் நிரல் அங்கேயே உறைந்துவிடும் என்று விளக்கினேன். ஸ்டிஆர்சிக்னலும் அங்கே பாதுகாப்பானதன்று, நேரடியாக எழுதும் ரைட் அழைப்பு பாதுகாப்பானது. 2020இல் வெளியான, லினக்ஸின் சி மொழி நூலகமான ஜிலிப்சி 2.32இல் சேர்ந்த சிக்டிஸ்கர்_என்பி, மொழி அமைப்பைப் பாராமல் மாறாத விளக்கத்தைத் தருவதால், அதை ஹேண்ட்லரிலும் அழைக்கலாம். தவறான எண்ணுக்கு 'நல்' (வெற்றுச் சுட்டி) தரும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். சிக்னல் விளக்கங்களைக் கொண்ட பழைய சிஸ்_சிக்லிஸ்ட் அட்டவணையை நம்பிய நிரல்கள் அந்தப் பதிப்பில் கம்பைல் ஆகா.

எனினும் நிரலை உடனே கொல்லும் சிக்கில் என்ற சிக்னல் எந்த ஹேண்ட்லருக்கும் அகப்படாது. நினைவகம் தீர்ந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னல் அந்தச் சிக்னலால் கொன்றால் சைல்ட் ஒரு சொல்லும் எழுதாமல் போய்விடும் என்பதால், விளக்கத்தைப் பேரன்டிலேயே விட்டிருக்கிறேன்.