ஆஸ்துமாவும் லேப் சீட்டில் வரும் எண்களும்

ஆஸ்துமா உள்ள பெரியவர்கள் வைட்டமின், தாதுச்சத்து அளவுகளைப் பார்த்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் அந்த எண்களை நம்பி மருந்தை நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

மதுரை செல்லூரில் இருக்கும் என் சித்தியின் லேப் சீட்டில் வைட்டமின் டி 14 நானோகிராம் என்று தடித்த எழுத்தில் வந்திருந்தது. வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்றாலும், பகல் முழுவதும் தறிக்கூடத்துக்குள்ளேயே கழிப்பவருக்கு அது குறைந்ததில் வியப்பில்லை. இளைப்புக்கு மூலகாரணம் பிடிபட்டுவிட்டதென்று நினைத்து, வாரம் ஒரு முறை 60,000 யூனிட் பொடியைப் பாலில் கலக்கிக் குடித்தவர், காலையும் மாலையும் உறிஞ்ச வேண்டிய ஸ்டீராய்டு இன்ஹேலரை அலமாரியில் வைத்துவிட்டார். மார்கழிப் பனி இறங்கியதும் படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே இரவுகளைக் கழித்தார்.

அமெரிக்காவில் வைட்டமின் டி குறைவாக இருந்த 408 ஆஸ்துமா நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2014-இல் வெளியான ‘விடா’ ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ரத்தத்தில் அளவு உயர்ந்தது. ஆனால் நோய் கட்டுப்பாட்டை மீறுவது குறையவில்லை. கடுமையான இளைப்பு குறைவதாக 2016-இல் சொன்ன, மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு, மேலும் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த பிறகு, 2023-இல் அப்படியொரு பலன் தெரியவில்லை என்று முடிவை மாற்றிக்கொண்டது.

மக்னீசியத்தின் கதை வேறு. நெபுலைசருக்கும் அடங்காத கடும் இளைப்போடு வருபவருக்கு அவசரப் பிரிவில் 2 கிராம் மக்னீசியம் சல்பேட்டைச் சுமார் இருபது நிமிடத்தில் நரம்பு வழியாக ஏற்றுவார்கள். அது மூச்சுக்குழாய்த் தசையைத் தளர்த்துகிறது. அதற்காக வீட்டில் மக்னீசியம் மாத்திரை விழுங்கினால் அதே பலன் கிடைக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. உடலிலுள்ள மக்னீசியத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்குதான் ரத்தத்தில் இருப்பதால், சீட்டில் ‘நார்மல்’ என்று வருவதும் முழு நிலவரத்தைச் சொல்லாது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தான சால்பியூட்டமாலை அடிக்கடி நெபுலைசரில் வைத்தால் ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். படபடப்பும் தசைச் சோர்வும் வந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

என்னைக் கேட்டால், நம் பெண்கள் முதலில் பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். அது 12 கிராமுக்குக் கீழே இறங்கினால் ரத்தசோகை; அதனால் மாடிப்படி ஏறும்போது வரும் மூச்சுத்திணறலை ஆஸ்துமா என்றே எண்ணி இன்ஹேலரை அடித்துக்கொண்டிருந்தால் அது தீராது. சித்திக்கும் 9 என்றுதான் வந்தது.

ஸ்டீராய்டு மாத்திரையை நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு எலும்பு தேய்வதால், வைட்டமின் டி-யும் கால்சியமும் அவர்களுக்கு உண்மையிலேயே முக்கியம். அது நுரையீரலுக்காக அல்ல, எலும்புக்காக.