44 கிலோ குறைந்த பிறகு

போன ஆனி மாதம் செங்கோட்டை பஸ் ஸ்டாண்டில் எங்கள் பழைய தெருப் பெரியம்மா ஒருத்தர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்னட்டி, இப்படி வத்திப் போயிட்ட? சுகரா?" இல்லை பெரியம்மா என்றேன். நம்பவில்லை. குரலை இறக்கி, "வேற ஏதும் நோவுன்னா எங்கிட்ட சொல்லுட்டி, நான் யார்ட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அவர் கண் கலங்கிவிட்டது.

அன்று என் எடை 68 கிலோ. அதற்கு 16 மாதம் முன்பு 112.

திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் இரைப்பையைச் சுருக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் செய்துகொண்டேன். இரைப்பையில் முக்கால் பங்குக்கும் மேல் எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். ஆபரேஷன், வலி, கஞ்சித் தண்ணீர் குடித்த வாரங்கள் எல்லாம் நானே எதிர்பார்த்தபடிதான் நடந்தன. தினமும் 60 கிராம் புரதமாவது உள்ளே போக வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, சத்து மாத்திரைகள் ஆயுசுக்கும் என்று எழுதியே கொடுத்தார்கள். நாலாவது மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோதுகூட, எடை வேகமாக இறங்கினால் இப்படி ஆகும், திரும்ப முளைக்கும் என்று முன்பே சொல்லியிருந்ததால் தாங்கிக்கொண்டேன். மனுஷர்களை எப்படிச் சமாளிப்பது என்பது மட்டும் அந்தத் தாளில் இல்லை.

நம் பக்கத்தில் உடம்பு இளைத்தால் அதை யாரும் நல்ல சேதியாக எடுத்துக்கொள்வதில்லை. ஒன்று நோய், இல்லாவிட்டால் வீட்டில் ஏதோ கவலை. மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலும் அதே கதைதான். 1956-ல் எல்லை பிரித்தபோதுதான் எங்கள் ஊர் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதனால் எங்களுக்குப் புனலூரிலும் சொந்தம் உண்டு. அங்கே அத்தை வீட்டுப் படியேறியதும், "க்ஷீணிச்சு போயல்லோ மோளே" என்றார்கள். மலையாளத்தில் இளைத்ததற்கும் களைத்துப்போனதற்கும் அந்த ஒரே சொல்தான். முதலில் ஒவ்வொருவரிடமும் ஆபரேஷன் கதையை முழுதாகச் சொன்னேன். அப்புறம், "டாக்டர் சொல்லித்தான் குறைச்சேன், நல்லா இருக்கேன்" என்று இரண்டே வார்த்தையில் நிறுத்தக் கற்றுக்கொண்டேன். பெரியம்மா மாதிரி உண்மையான அக்கறையோடு கேட்பவர்களிடம் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேசுவேன்.

இதைவிடக் கடினமாக இருந்தது பாராட்டு. தென்காசியில் ஒரு கல்யாண வீட்டில் கொழுந்தியா எல்லார் முன்னாலும், "மதினி, இப்பத்தான் நீங்க பார்க்க லட்சணமா இருக்கீங்க" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள், நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. அப்படியானால் முன்னால் இருந்தவள் யார்? இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தது அந்த 112 கிலோ உடம்புதான். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்த இரண்டு வருஷமும் அவளைத் தூக்கி, திருப்பிப் படுக்க வைத்து, துடைத்து விட்டதும் அதுதான். அந்த உடம்பை ஊரார் பேசினால் என்னால் தாங்க முடியவில்லை. ஆனால் எத்தனையோ வருஷம் அதைக் கண்ணாடியில் பார்த்து நானும்தான் திட்டியிருக்கிறேன்.

இன்னொன்று. உடம்பு மாறிய வேகத்துக்கு என் மனசு மாறவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைக் கையால் அழுத்திப் பார்க்காமல் இன்றும் உட்கார மாட்டேன். திருவனந்தபுரம் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஓரமாக ஒடுங்கிக்கொள்வேன். பக்கத்து அம்மா, "நல்லா உள்ள தள்ளி உக்காருங்க, இடம் கிடக்கே" என்று சொன்ன பிறகுதான் குனிந்து பார்ப்பேன், இடம் கிடக்கும். மறுபரிசோதனைக்குப் போனபோது அங்கிருந்த மனநல ஆலோசகரிடம் இதைச் சொன்னேன். மூளைக்குள் இருக்கும் பழைய அளவு மாற வருஷக்கணக்கில் ஆகலாம், உங்களுக்கு மட்டும் வந்ததில்லை என்றார். அதைக் கேட்டதே பெரிய நிம்மதி.

அவரிடம்தான் இன்னொரு விஷயமும் வெளியே வந்தது. அம்மா போன பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிடுவேன். இப்போது அந்தத் துணை இல்லை. இத்தனை நாள் சிப்ஸுக்குப் பின்னால் கிடந்த துக்கம் நேராக வந்து முன்னால் நின்றது. ஆபரேஷன் முடிந்து ஏழாவது மாதம் நான் அழுததெல்லாம் அம்மாவுக்காகத்தான். இதை அடக்க வேண்டாம், சாயங்காலம் அந்த நேரத்துக்கு வேறொரு வேலை வையுங்கள் என்றார். பூக்கட்டத் தொடங்கினேன்.

வீட்டுக்காரருக்குப் பிரானூரில் மரக்கடையில் வேலை. ஞாயிறு ராத்திரி அங்கே பார்டர் என்று சொல்லும் இடத்துக் கடையில் புரோட்டாவும் கோழியும் சாப்பிடுவது கல்யாணம் ஆன நாள் முதல் எங்கள் வழக்கம். ஆபரேஷனுக்குப் பிறகு, "நீ சாப்பிடாம நான் மட்டும் எப்படி?" என்று அவர் நிறுத்திவிட்டார். எனக்காகத்தான் செய்தார். ஆனால் எங்களுக்குள் பேச்சும் குறைந்தது. எடை குறைக்கும் ஆபரேஷன்களுக்குப் பிறகு தம்பதிகள் பிரிவது கூடியதாக சுவீடனில் செய்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது என்று ஆலோசகர் சொன்னபோது எனக்குப் பகீரென்றது. தனியாக இருந்தவர்களில் புது உறவும் கல்யாணமும் கூடியதாம் என்று அதையும் சேர்த்துச் சொன்னார். அந்த வாரமே இவரைக் கிளப்பிக்கொண்டு பார்டருக்குப் போனேன். இரண்டு துண்டு கோழியை அரை மணி நேரம் மென்றேன். அவர் மூன்று புரோட்டா சாப்பிட்டார். திரும்பும் வழியில், "நீ இளைச்சதுக்கு அப்புறம், நான் உனக்குப் பொருத்தமா இல்லையோன்னு இருக்கு" என்றார். 19 வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சு வந்ததே இல்லை. வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லி வெகு நேரம் பேசினோம்.

கடைசியாக என் தோழி. அவளும் கனத்த உடம்புக்காரி. 20 வருஷமாகக் குற்றாலம் சாரலுக்குச் சேர்ந்து போவோம். ஆனால் குளிக்க மாட்டோம், மற்றவர்களின் பைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருப்போம். நான் இளைத்த பிறகு அவள் வீட்டுப்பக்கம் வருவது நின்றது. கேட்டால், "உன் பக்கத்துல நின்னா எல்லாரும் என்னையத்தான் பாக்காங்க" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இந்த ஆடியில் நானே போய் அவளைக் கூப்பிட்டேன். எனக்கும் தயக்கம்தான். கையிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது, ஈரத் துணியில் எல்லாம் தெரியும். அதை அவளிடம் சொன்னேன். கையைத் தூக்கிக் காட்டவும் செய்தேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டு, "வலிக்குதாட்டி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "சரி, வா" என்றாள்.

ஐந்தருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் இரண்டு பேரும் நைட்டியோடு இறங்கினோம். கொழுப்பு போன பிறகு குளிர் சீக்கிரம் ஏறுகிறது. தண்ணீர் தோள்பட்டை எலும்பில் நேராக வந்து அடித்தது, கால் தடுமாறியது. அவள் பின்னாலிருந்து என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள். பைகளை அவள் மகள் பார்த்துக்கொண்டிருந்தாள்.