பத்து விநாடிக்குப் பதினெட்டு

நவம்பர் 9, விடியற்காலை
தடால் என்ற சத்தத்தில் விழித்தேன். விளக்கைப் போட்டால் எங்கள் நாய் செவலை சிமெண்ட் தரையில் இடப்பக்கமாகவே புரண்டுகொண்டிருக்கிறான். எழ முயன்று சுவரில் மோதுகிறான். தலை கோணிவிட்டது. வாந்தி. கருவிழி மெல்ல இடப்பக்கம் நழுவுகிறது, சட்டென்று வலப்பக்கம் துள்ளுகிறது, ஓயவே இல்லை. பதினான்கு வயது. பக்கவாதம்தான் என்று நினைத்து, அவனைத் தரையோடு அணைத்துப் பிடித்தபடி மழை விடக் காத்திருக்கிறேன்.

நவம்பர் 9, இரவு
பக்கவாதம் போலத் தெரியவில்லை என்றார் கால்நடை மருத்துவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், சீழ் இல்லை. பாதங்களை ஒவ்வொன்றாக மடித்து ஊன்ற வைத்தார்; செவலை உடனுக்குடன் நேராக்கிக்கொண்டான். அது நல்ல அடையாளமாம். உட்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு திடீரென்று நிலைதவறிவிடுகிறது, வயதான நாய்களுக்கு வருவதுதான், காரணம் பெரும்பாலும் பிடிபடாது. சீட்டில் ‘வெஸ்டிபுலர்’ என்று எழுதினார். மூன்று நாளில் தெளியத் தொடங்கும், இரண்டு மூன்று வாரத்தில் நடப்பான், தலைச் சாய்வு மட்டும் தங்கிவிடலாம். வாந்திக்கு ஊசி போட்டார். கருவிழி மேலும் கீழுமாக ஆடினால் உடனே கொண்டுவர வேண்டும், அப்படியென்றால் மூளையில் கோளாறு இருக்கலாம். கோத்தகிரி கடைவீதியிலிருந்து வீடு வரும்வரை ‘மேலும் கீழும்’ மட்டுமே காதில் நின்றது.

நவம்பர் 10
பத்து விநாடிக்குப் பதினெட்டு துள்ளல். பக்கவாட்டில்தான்.

நவம்பர் 11
பச்சைத்தேயிலை கட்டும் சாக்குகளைக் கூடம் முழுக்க விரித்துவிட்டேன். நகம் பிடித்து நிற்க ஏதாவது வேண்டும். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தாங்கினால் நான்கு அடி வைக்கிறான். தூக்கினால்தான் பயம், கால் தரையை விட்டதும் உடம்பெல்லாம் உதறுகிறது. அவனுக்கு இப்போது உலகமே சுற்றுகிறது, தரை ஒன்றுதான் பிடிமானம். இனித் தூக்க மாட்டேன்.

தம்பி கோயம்புத்தூரிலிருந்து பேசினான். “போதும் அக்கா, நன்றாக வாழ்ந்துவிட்டான், வேதனைப்படுத்தாதே.” மார்ச் மாதத்திலும் இதையே, இதே குரலில் சொன்னான். அன்று நான் தலையாட்டினேன். இன்று போனை வைத்துவிட்டேன்.

இரவு எட்டேகால் பஸ் வளைவில் திரும்பியபோது செவலையின் காது அசையவில்லை.

நவம்பர் 12
பதினொன்று. தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்துக் கடைவாயில் சொட்டுச் சொட்டாக விட்டேன். கஞ்சியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

நவம்பர் 13
விடாத மழை. கட்டபெட்டு அருகே மரம் விழுந்து பஸ் இல்லை. மின்சாரமும் இல்லை. இருட்டில் அவனுக்குத் தடுமாற்றம் கூடுகிறது. கண்ணால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் போய்விடுகிறது. அரிக்கேன் விளக்கை அவன் பக்கத்தில் வைத்தேன்.

நள்ளிரவில் சிறுநீருக்கு முனகினான். போன மாதம் மேல்வீட்டு நாயைச் சிறுத்தை தூக்கிய தேயிலைச் சரிவு வாசலிலிருந்து இருபது அடிதான். ஒரு கையில் துண்டு, மறு கையில் டார்ச். அவன் நிதானமாக வட்டமடித்து, விழுந்து, எழுந்து, தன் பழைய சில்வர் ஓக் மரத்தடிக்கே போக வேண்டும் என்று இழுத்தான். அவனை அவசரப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. நின்றேன். உள்ளே வந்ததும் கருவிழி மேலே துள்ளியது போலிருந்தது. விளக்கைக் கிட்டே கொண்டுபோய் அரைமணி நேரம் பார்த்தேன். பக்கவாட்டில்தான். பக்கவாட்டில்தான்.

நவம்பர் 14
ஐந்து.

கையிலிருந்த நெய்ச் சோற்றை நக்கினான். இரண்டு உருண்டை. அப்பாவின் தட்டில்தான் பிசைந்தேன்.

நவம்பர் 15
தம்பிக்குப் படம் அனுப்பினேன். பதில் இல்லை. செவலையை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கிறேன். இடுப்பெலும்பில் தோல் சிவந்திருக்கிறது. மார்ச் மாதத்தில் அப்பாவின் முதுகைப் பார்க்கத் தவறினேன். அந்தப் புண்ணின் மணம் இன்னும் எனக்கு

நவம்பர் 17
காலையில் எழுந்து பார்த்தால் படுக்கையில் இல்லை. இடச்சுவரை உரசிக்கொண்டே வாசல்படி வரை தானாகப் போயிருக்கிறான். சுவர் நெடுக, முழங்கால் உயரத்தில் அவன் ரோமம். தலை சாய்ந்தபடியே சாலையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மாத்திரை இன்னும் ஆறு இருக்கிறது. சாக்குகளைக் காயப்போட வெயில் வேண்டும்.