பொடிக்கு ஞாபகம் உண்டு

தண்ணீரைத் தொட்டியில் எப்போது நிரப்பினால் என்ன, குழாயைத் திறந்தால் வந்துவிடும். பொடி அப்படி இல்லை. மாவுபோல் நுண்ணிய பொடியைக் காற்றுக்குழாய் வழியாக சைலோ என்னும் உயரமான சேமிப்புத் தொட்டியில் ஏற்றிய கையோடு அடிவால்வைத் திறந்து பாருங்கள். துகள்களுக்கு நடுவே மாட்டிய காற்று இன்னும் வெளியேறியிருக்காது. மொத்தமும் அடியில் சுழன்று பொடியை அளவாக வெளியே விடும் ரோட்டரி வால்வின் சந்துகளில் புகுந்து தரையெல்லாம் பாயும். அதே பொடியை விடுமுறைக்கு அப்படியே விட்டுவிட்டு வந்து திறந்தால், ஒரு கைப்பிடி விழாது. இரண்டு நேரமும் சாம்பிள் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் ஒரே அறிக்கைதான் வரும்: ஈரப்பதம் சரி, துகள் அளவு சரி.

பொடியும் குறுமணியும் கையாளும் ஆலைகளில் வேலை பார்த்துப் பார்த்து, ஒரு கட்டத்தில் என் கேள்வியே மாறிவிட்டது. "இது என்ன பொருள்?" என்பதைவிட "இதுக்கு இதுவரைக்கும் என்ன நடந்துச்சு?" என்று கேட்டால்தான் வேலை நகர்கிறது. எப்போது நிரப்பினார்கள், எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, எத்தனை நேரம் கிடந்தது, யார் தட்டினார்கள்.

இதைக் கண்ணால் பார்க்க ஒரு சின்னக் கோப்பை போதும். பொடியை மெதுவாகச் சொரிந்து, மேலே வழிவதைத் தகட்டால் வழித்துவிட்டு எடை போடுகிறோம். அப்புறம் கோப்பையின் வாயில் ஒரு நீட்டிப்பு வளையத்தைப் பொருத்தி, வளையத்திலும் பொடி போட்டுத் தட்டுகிறோம். தட்டத் தட்ட மட்டம் இறங்கும். முதல் சில தட்டுகளில் சட்டென்று இறங்கும், பிறகு முனகிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக. இனி இறங்காது என்றானதும் வளையத்தைக் கழற்றி, வழித்து, மறுபடி எடை. தட்டிய அடர்த்தியைத் தட்டாத அடர்த்தியால் வகுத்தால் வருவது ஹவுஸ்னர் விகிதம். 1.1 பக்கம் இருந்தால் நிம்மதி. 1.35-ஐத் தாண்டினால் ஆலையில் யாரோ ஒருவர் கையில் சுத்தியல் இருக்கும் என்று பார்க்காமலே சொல்லலாம். ஒரே அளவிலான உருண்டைக் குண்டுகளுக்குக்கூட இந்தக் குணம் உண்டு. மெதுவாகப் போட்டால் இடத்தில் சுமார் 55 சதவீதம் நிரப்பும், குலுக்கினால் 64 வரை போகும், ஒழுங்காக அடுக்கினால் 74. எதில் நிற்கும் என்பதை நாம் அதை நடத்திய விதம்தான் தீர்மானிக்கிறது.

சுத்தியல் என்றேன் அல்லவா. பழைய ஹாப்பர், அதாவது அடி கூம்பாகக் குறுகும் தொட்டி, எதை வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள், கூம்பின் அடிப்பகுதி முழுக்க அம்மைத் தழும்பு போல் பள்ளம் பள்ளமாக இருக்கும். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அடித்தது. "நாலு தட்டு தட்டினா வந்துரும் சார்" என்பார்கள். வரத்தான் செய்யும், சில சமயம். ஆனால் வெளியே விழுந்த பள்ளம் உள்ளே மேடு. அடுத்த முறை பொடி அந்த மேட்டில்தான் தங்கும். போதாததற்கு, வாய்க்கு மேல் பொடி பாலம் கட்டி நிற்கும்போது அதிர்வு அதை உடைக்கவும் செய்யலாம், இன்னும் இறுக்கவும் செய்யலாம். ஓர் ஆலையில் அடிவால்வு மூடிய பிறகும் அதிர்வூட்டி ஓடிக்கொண்டே இருந்தது. இருந்த பொடியை அதுவே கெட்டிப்படுத்திவிட்டு, திறந்ததும் வரவில்லை என்று புகார். வால்வு திறந்தால் மட்டும் அதிர்வூட்டி ஓடும்படி வயரிங்கை மாற்றினோம், பாதித் தொல்லை போயிற்று.

பாலத்தின் மேல் ஏறி உடைக்கிறேன் என்று உள்ளே இறங்க மட்டும் யாரையும் விடக்கூடாது. மேலே கெட்டியாகத் தெரியும், கீழே வெற்றிடம். உடைந்தால் ஆளைப் புதைத்துவிடும்.

இறுகிய பொடிக்கு இறுக்கிய அளவுக்கேற்ற வலு வருகிறது, அந்த வலுவை அளந்தால் பாலம் நிற்க முடியாத வாய் அகலத்தையும் கூம்பின் சரிவையும் கணக்கிட்டுவிடலாம் என்று 1960-களில் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பொறியாளர் ஆண்ட்ரூ ஜெனிக்கே காட்டினார். அறுபது ஆண்டு தாண்டியும் கூம்பை வரையும் பலர் கட்டடத்தின் கூரை உயரத்தைப் பார்த்துத்தான் சரிவை முடிவுசெய்கிறார்கள். என் அனுபவத்தில் சுத்தியல் விற்பனைக்கு இதுவே பெரிய காரணம்.

இன்னொரு பிடிவாதமான நம்பிக்கை: "மேலே இன்னும் ரொப்புங்க, பாரம் தள்ளிவிடும்." தண்ணீர்க் கணக்கு இது. சைலோவில் ஆழம் கூடக் கூட அடியில் அழுத்தம் அதே வீதத்தில் கூடுவதில்லை, ஓரளவுக்கு மேல் நின்றுவிடும் என்று ஜெர்மன் பொறியாளர் யான்சன் 1895-லேயே தானியத்தை வைத்துச் சோதித்துச் சொன்னார். மிச்ச எடையைச் சுவர் உராய்வு சுமக்கிறது. குறுமணி வெளியேறும் வேகமும் (நிமிடத்துக்கு எத்தனை கிலோ என்பது) மேலே எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல, வாயின் அகலத்தைப் பொறுத்தது. மணியின் அளவைவிட வாய் நன்றாகப் பெரிதாக இருந்தால், அதன் விட்டத்தை இரட்டித்தால் வேகம் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும். ஆக, ரொப்புவது தள்ளாது; சுவருக்குத்தான் பாரம்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் அலைக்கழித்தது துகள் பிரிதல்தான். ஒரு கலவை. மிக்ஸரிலிருந்து எடுத்த சாம்பிள் எல்லாம் அருமை. பையில் போட்ட பிறகு எடுத்தால், ஒரு பேட்சின் கடைசிப் பைகளில் மட்டும் பெருமணி தூக்கல். மிக்ஸர் மேல் பழி. இன்னும் பத்து நிமிடம் சுற்றினார்கள், மாற்றமில்லை. மிக்ஸருக்கும் பைக்கும் நடுவில் இருந்த தொட்டியின் மேல்மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் விடை உள்ளே கிடந்தது. பொடி நடுவில் விழுந்து குவிய, நுண்துகள் விழுந்த இடத்திலேயே இடுக்குகளில் இறங்கிவிட, பெருமணிகள் சரிவில் உருண்டு சுவரோரம் வளையமாகச் சேர்ந்திருந்தன. கூம்பு சரிவு போதாதது. அதனால் நடுவில் இருப்பது எலிவளை போல் முதலில் இறங்கிவிடும், சுவரோரம் இருப்பது கடைசியில் வரும். அதாவது, நன்றாகக் கலந்ததைக் கொட்டும்போதே பிரித்து, வரிசை கட்டிப் பையில் போட்டுக்கொண்டிருந்தோம்.

கூம்பின் சரிவைக் கூட்டி உள்ளே வழுவழுப்பான தகடு பதித்தோம். இப்போது சுவரோரமும் நடுவும் சேர்ந்தே இறங்குகின்றன, பிரிந்தது வாயில் மறுபடி கலந்துவிடுகிறது. தொட்டி காலியாகப் போகும் கடைசிச் சில பைகளில் இன்னும் கொஞ்சம் வித்தியாசம் தெரிகிறது. அவற்றைத் தனியே வைத்து அடுத்த பேட்சில் சேர்க்கிறார்கள். மிக்ஸரின் நேரத்தை மட்டும் இன்னும் யாரும் பழையபடி குறைக்கவில்லை. கேட்டால், "இருந்துட்டுப் போகட்டும் சார்" என்கிறார்கள்.